சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளமேறிச் சென்றடையும் நயினாதீவினையே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் எனக் கொள்ளும் மரபு ஈழத்துத் தமிழரிடையே நிலவி வருகின்றது. அம்மரபு வரலாற்றாராய்ச்சிக்கு எத்துணை ஈடுகொடுக்கும் என்பது வேறு வினா. காப்பியத்தின்படி, மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலே எழுந்த அமுதசுரபி மணிமேகலையின் கையைச் சேர்ந்தது. பசித்தோர் பலருக்குச் சோறிட்டது. பின்னர் ஒருநாள் புகார் நகரத்துச் சிறைச்சாலைக்குள்ளும் நுழைந்தது. ஒரு பாத்திரம் கொண்டு சிறையிலிருந்தோர் யாவரையும் அவள் உண்பித்த செய்தியைக் காவலர் அரசனுக்கு அறிவித்தனர். அவளை அழைப்பித்து, வேண்டுவது யாதென அரசன் வினவினான். பொன்னும் பொருளும் அவள் கேட்கவில்லை. அச்சிறையை அறஞ்செய்வோர் வாழும் இடமாக மாற்றித் தருமாறு கேட்டாள். அரசனும் இசைந்தான். காப்பியத்தின் பத்தொன்பதாங் காதை 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' எனப் பெயர் பெற்றது இதனாலேயே.

இக்காதையை வகுப்பறையிற் பயில்வோர் பெரும்பாலும் அமுதசுரபியின் அற்புதத்தையே நினைவிற் கொள்வர். அற்புதத்தினும் பெரிது மணிமேகலையின் வேண்டுகோள். தனக்கு வேண்டிய ஒருவரை விடுவிக்குமாறு அவள் இரக்கவில்லை. அங்கிருந்தோர் எக்குலத்தவர், எக்குற்றம் புரிந்தோர் என்று பிரித்துப் பேசவும் இல்லை. இன்று திறந்து நாளை மூடத்தக்க கதவினை அவள் நாடாது, கோட்டத்தின் தன்மையே மாறவேண்டும் என்றாள். கதவு திறத்தல் வேறு. கோட்டம் மாற்றல் வேறு. இவ்விரண்டினுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் குடாநாட்டு மக்கள் ஏட்டிலே கற்றதினும் தம் வாழ்விலே கற்றது அதிகம்.

வடமராட்சியிலே ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். அவளுக்குப் பெயர் தரவேண்டியதில்லை. அவள் நிலையிலே வாழ்ந்தோர் பலர். மகன் கொழும்பு மகசீன் சிறைச்சாலையிலே இருக்கிறான். கைக்குப் பணம் சேரும் மாதங்களில் அவள் மாலையிலே பஸ் ஏறி, இரவெல்லாம் விழித்திருந்து, விடியற்காலையிற் கொழும்பில் இறங்குகிறாள். மடியிலே அடையாள அட்டை. பையிலே சவர்க்காரம், பற்பசை, ஒரு சறம், வீட்டிலே சுட்ட தட்டைவடை. வரிசையிலே நின்று, பையும் உடலும் சோதிக்கப்பட்டபின், வலைக்கம்பிக்கு இப்பால் அவளும் அப்பால் மகனுமாக நிற்கிறார்கள். பக்கத்திலே நிற்போர் அனைவரும் ஒருங்கே உரத்துப் பேசும் இரைச்சலிலே, கிடைத்த சில நிமிடங்களுக்குள் அவள் இரண்டு கேள்விகளே கேட்கிறாள். "சாப்பிட்டனியோ ராசா?" என்பது ஒன்று. "வழக்கு எப்பவாம்?" என்பது மற்றது. முதற் கேள்விக்கு அவன் பொய் சொல்கிறான். இரண்டாவது கேள்விக்குச் சொல்ல அவனிடம் பொய்கூட இல்லை.

இத்தாயின் துன்பத்தை ஊழ்வினை என்று கூறி அமைதல் எளிது. ஆயின் அவளை அந்தப் பஸ்ஸிலே ஏற்றியது ஊழன்று, சட்டமே. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாகிய பயங்கரவாதத் தடைச் சட்டம், மூன்றாண்டுகளுக்கு மட்டுமான தற்காலிக ஏற்பாடாகவே நிறைவேற்றப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பெயரிலே மாத்திரம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் சொற்கள் எஞ்சி நின்றன. நீதிமன்றத்தின் முன் குற்றஞ்சாட்டாமலே, அமைச்சரின் கட்டளை கொண்டு, மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அக்காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. அதன் பின்னரோ விளக்கமறியல். விளக்கமறியலின் பின்னர் தவணை மேல் தவணை. பத்தாண்டும் அதற்கு மேலும் வழக்கு முடியாமற் சிறையிலிருந்தோர் உளர். தண்டனை பெற்ற கைதி தன் விடுதலை நாளைச் சுவரிலே எழுதி எண்ணலாம். தீர்ப்புப் பெறாத கைதிக்கு எண்ணுவதற்கும் ஒரு நாள் இல்லை.

இச்சட்டத்தின் உயிர்நாடி அதன் 16ஆம் பிரிவிலே உளது. நாட்டின் பொதுவான சான்றுச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது. அடித்துப் பெற்ற சொல்லும் அஞ்சிச் சொன்ன சொல்லும் நீதிமன்றத்தினுள் நுழையாமற் காக்கும் வேலி அது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிறுவும் பொறுப்பையும் கைதியின் தலையிலேயே சுமத்தியது. பூட்டிய அறையினுள் நிகழ்ந்ததனை, சாட்சி எவரும் இன்றி, அடிபட்டவனே எண்பிக்க வேண்டும். 1993இலே கைதாகி, பெரும்பாலும் அத்தகைய வாக்குமூலமொன்றின் பலத்திலேயே 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மேன்முறையீட்டிலே அத்தண்டனை 35 ஆண்டாகக் குறைந்தது. 2004இலே ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை எனக் கண்டது. ஆயின் 2006இலே இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிட வழிசெய்த ஏற்பாட்டிலே நாடு சேர்ந்தமையே அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. உள்ளே அடைபட்ட கதவுக்கு வெளியே இருந்த சிறு சாளரமும் அன்று சாத்தப்பட்டது.

தனி மனிதரைச் சிறைப்படுத்தும் முறை இவ்வாறாக, ஊரையே ஒருங்கு சிறைப்படுத்தும் முறையும் இத்தீவிலே வளர்ந்தது. அது தமிழரோடு தொடங்கியதன்று. 1971 ஏப்பிரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியை அடுத்து ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பல்கலைக்கழக வளாகங்களே தடுப்பு முகாம்களாயின. அவ்வியக்கத்தின் தலைவர் றோகண விஜேவீர அப்பொழுது யாழ்ப்பாணச் சிறையிலே இருந்தார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையும் அக்காலத்திலே கைதிகளை ஏற்றது. தெற்கிலே கைதானோர் வடக்கிலே அடைபட்டனர். பதினாறு ஆண்டுகளின் பின் அக்கணக்குத் தலைகீழாயிற்று. 1987 மே மாத இறுதியிலே வடமராட்சியில் நிகழ்ந்த 'ஒப்பரேசன் லிபரேசன்' இராணுவ நடவடிக்கையின்போது ஊர் ஊராக ஆண்கள் திரட்டப்பட்டு, ஆயிரக்கணக்கிலே கப்பலேற்றப்பட்டுக் காலிக்கு அண்மையிலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யார் போராளி, யார் மாணவன், யார் வயலிலே நின்றவன் என்று பிரித்தறியும் முயற்சி பின்னரே வந்தது. வயதும் பாலும் இருப்பிடமுமே குற்றங்களாயின. 2009இலே போர் முடிந்தபொழுது, வவுனியா மெனிக் பாம் முதலான முகாம்களிலே ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிகளினுள்ளே மாதக்கணக்கில் வெளியேற முடியாதிருந்தனர். அதனைச் சிறை என்று எவரும் பெயரிடவில்லை. பெயரிடாமையினால் அது சிறையாகாது போய்விடவும் இல்லை.

அரசின் காவலிலே உள்ளவரின் உயிருக்கு அரசே பொறுப்பு என்பது சிறைமுறையின் முதல் விதி. அவ்விதி வெலிக்கடையிலே 1983 யூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளும் மீறப்பட்டது. அவ்விரு நாள்களிலும் 53 தமிழ்க் கைதிகள் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். அதன் பொருட்டு எவரும் தண்டிக்கப்படவில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலே இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கும் 2005இலே உயர் நீதிமன்றத்திலே விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது. எனவே வடமராட்சித் தாய் பஸ்ஸிலே விழித்திருப்பது பயணக் களைப்பினால் மட்டுமன்று.

இந்நிலைக்கெதிராகக் குரலெழுப்பியோர் பலர். 1971இலே தெற்கின் இளைஞர் தடுத்துவைக்கப்பட்டபொழுது தோன்றிய குடியியல் உரிமைகள் இயக்கம், பின்னர் வடக்கின் இளைஞருக்காகவும் பேசியது. ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவும் சூரியா விக்கிரமசிங்கவும் அவ்வியக்கத்திலே உழைத்தோர். ஒரு சாராரின் சிறைவாசத்திலே கற்ற பாடத்தை மறு சாராரின் சிறைவாசத்திலே மறவாமை அரிய பண்பு. 1984இலே யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி, கைதுசெய்யப்பட்ட பிள்ளைகளை விடுவிக்கக் கோரிப் பெண்களைத் திரட்டி அரசாங்க அதிபரின் பணிமனையை நோக்கி ஊர்வலம் சென்றது. அடுக்களையும் கோயிலும் தவிரப் பொதுவிடம் அறியாதவர் எனக் கருதப்பட்ட பெண்கள் வீதியை நிறைத்தனர். பிற்காலத்திலே அருட்தந்தை மா. சத்திவேல் போன்றோரும், 'குரலற்றவர்களின் குரல்' போன்ற அமைப்புகளும் அப்பணியைத் தொடர்ந்தனர். சிறையினுள்ளிருந்தோரும் உணவு மறுத்துத் தம் வழக்கைத் தாமே உலகறியச் செய்தனர். 2018 ஒக்டோபரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர், உண்ணா நோன்பிருந்த கைதிகளுக்கு ஆதரவாக, யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் சிறைச்சாலை வரை நடந்தே சென்றனர். கண்டி வீதியின் வெயிலையும் தாரையும் காலால் அளந்த அந்நடை, நூலகத்திலே பெறமுடியாத கல்வியொன்றை அவர்களுக்கு வழங்கியிருக்கும்.

இக்குரல்கள் வீணாகவில்லை. கதவுகள் திறந்தன. 1987 யூலை 29ஆம் நாள் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் அரசியற் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்குவதைத் தன் விதிகளுள் ஒன்றாகக் கொண்டது. பூசாவிலிருந்து பிள்ளைகள் வீடு திரும்பினர். 2021 யூனில் பொசன் தினத்தையொட்டிப் பதினாறு தமிழ்க் கைதிகளும், 2022இலும் 2023இலும் மேலுஞ் சிலரும் சனாதிபதியின் மன்னிப்பினால் வெளிவந்தனர். ஒவ்வொரு விடுதலையும் ஒரு வீட்டிலே விளக்கேற்றியது. அதனைச் சிறிதென்று கூறுதல் அறமன்று. ஆயினும் ஒவ்வொரு தடவையும் கதவு திறந்ததேயன்றிக் கோட்டம் மாறவில்லை. 1987இலே பிள்ளைகளை விடுவித்த அரசு, அவர்களை அடைத்த சட்டத்தை வைத்துக்கொண்டது. 2015இலே ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையிலே அச்சட்டத்தை நீக்குவதாக வாக்களித்த அரசும் நீக்கவில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

மன்னிப்பு என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையிலே வார்த்திகன் என்னும் அந்தணனின் வரலாறு வருகின்றது. பிறர் அன்பினால் அளித்த அணிகலனை அவன் மகன் அணிந்திருக்கக் கண்ட பாண்டியனின் அலுவலர், களவெனக் கருதித் தந்தையைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுதரற்ற, கொற்றவை கோயிற் கதவம் திறவாது நின்றது. காரணத்தை ஆராய்ந்து உண்மை உணர்ந்த அரசன் வார்த்திகனை விடுவித்தான். அத்தோடு நில்லாது, தன் அலுவலரின் பிழையைப் பொறுக்குமாறு அவனையே வேண்டி நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். சிறைகளையும் திறக்கச் செய்தான். அங்கே மன்னிப்புக் கேட்டவன் அரசன். வழங்க வேண்டியவன் கைதி. பத்தாண்டு, பதினைந்தாண்டு தீர்ப்பின்றி வைத்திருந்த ஒருவனை விடுவிக்கும்பொழுது யார் யாரை மன்னிப்பது என்னும் வினாவை அப்பழங்கதை இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

இவ்வினாவை அரசை நோக்கி மட்டும் எழுப்பிவிட்டு அமைதல் நேர்மையாகாது. குடாநாட்டிலே அரசின் சிறைகள் மட்டும் இருக்கவில்லை. 1987 மார்ச்சு இறுதியிலே 'கந்தன் கருணை' என்னும் பெயர்கொண்ட வீட்டிலே, விடுதலைப் புலிகளாற் சிறைவைக்கப்பட்டிருந்த மாற்றியக்க இளைஞர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முருகப் பெருமானின் கருணையைப் பெயராகச் சூடிய வீட்டிலே கருணைக்கு இடமில்லாது போயிற்று. 1991இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி அவ்வியக்கத்தினராற் கொண்டுசெல்லப்பட்டார்; திரும்பவில்லை. அச்சிறைகளின் வாயிலிலும் தாய்மார் நின்றனர். அவர்களுக்கு வரிசையும் இல்லை; வலைக்கம்பியும் இல்லை; தவணையும் இல்லை. பிறர் கட்டிய சிறையைப் பழித்துத் தம்மவர் கட்டிய சிறைக்கு மௌனம் காத்த காலமொன்று இருந்தது. சிறைச் சீர்திருத்தம் பேசும் எவரும் அம்மௌனத்தையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும்.

இன்னொரு மௌனமும் உண்டு. தமிழ் அரசியற் கைதிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வந்துள்ளது. ஆயின் இலங்கைச் சிறைகள் வெறுமையாகவில்லை. அவற்றின் கொள்ளளவினும் இருமடங்குக்கு மேற்பட்டோர் அடைபட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பான்மையோர் விசாரணை முடியாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்றோருள்ளும், விதிக்கப்பட்ட தண்டப்பணத்தைக் கட்ட வழியின்றியே சிறை புகுந்தோர் பலர். போதைப்பொருட் பழக்கத்துக்கு ஆட்பட்டு, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் சிறைக்குச் செல்வது யாழ்ப்பாணத்திலும் அன்றாடக் காட்சியாயிற்று. 2020 நவம்பர் 29ஆம் நாள், நோய்த்தொற்றின் அச்சத்திலே கொந்தளித்த மகரச் சிறைச்சாலையிலே பதினொரு கைதிகள் உயிரிழந்தனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு, நெருக்கடியும் அசுத்தமும் வன்முறையும் இடையிடை நிகழும் விபத்துகளல்ல, நாள்தோறும் நடைபெறும் வழக்கங்கள் என்பதனை விரிவாகப் பதிவுசெய்தது. இச்சிறைகளை ஆளும் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டினது.

"எங்கள் பிள்ளைகள் கள்வரல்லர், அவர்களைப் பாதாளக் குழுவினரோடும் தூள் விற்போரோடும் சேர்த்துப் பேசலாமா?" எனச் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. அரசியற் காரணத்தாற் சிறைப்பட்டோர் தம் நிலை வேறு என்று வற்புறுத்துவதிலே நியாயம் உண்டு. அவர்தம் விடுதலைக்கான காரணங்களும் வேறானவை. ஆயின் கள்வனென்று அடைபட்டவனும் கூரையின்கீழ் நெருக்குண்டு முறைவைத்தே உறங்குகிறான். அவனுடைய தாயும் குருநாகலிலிருந்தோ மாத்தறையிலிருந்தோ பஸ் ஏறி வந்து அதே வரிசையிலே நிற்கிறாள். வடமராட்சித் தாய்க்கு அவளது மொழி விளங்காது. எனினும், "சாப்பிட்டாயா?" என்று வலைக்கம்பியினூடே அவள் கேட்பது விளங்கும். இவ்விருவரையும் ஒரே வரிசையிலே நிறுத்தியது அரசு. ஒரே கோரிக்கையிலே நிறுத்தும் பணியே சிறைச் சீர்திருத்தம் பேசுவோருக்கு எஞ்சியுள்ளது.

அக்கோரிக்கை வானத்தை வில்லாக வளைப்பதன்று. பொலிஸாரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் ஏற்பாடு எப்பெயரிலும் எச்சட்டத்திலும் இருத்தலாகாது. குற்றஞ்சாட்டாது தடுத்துவைக்கும் அதிகாரம் அமைச்சரின் கையிலன்றி நீதவானின் ஆய்வுக்கு உட்படல் வேண்டும். பிணை வழங்குதலே விதி, மறுத்தல் விலக்கு எனக் கூறும் 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் உள்ளக்கிடக்கை எல்லா வழக்குகளுக்கும் பொருந்தல் வேண்டும். தண்டப்பணம் கட்ட இயலாத ஏழையைச் சிறைக்கு அனுப்பாது சமூகப் பணியில் ஈடுபடுத்த 1999இலேயே சட்டமுண்டு. அதனைப் பயன்படுத்தல் வேண்டும். கைதியின் குடும்பம் வாழும் இடத்துக்கு அண்மையிலேயே அவனை வைத்தல் கூடியவரை கைக்கொள்ளத்தக்க முறையென, நெல்சன் மண்டேலாவின் பெயரால் 2015இலே ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட விதிகள் கூறுகின்றன. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவரின் பெயர் அவ்விதிகளுக்கு வாய்த்தமை பொருத்தமானது.

பல்கலைக்கழகத்தாருக்கும் இதிலே பங்குண்டு. சட்டம் பயில்வோர் தவணைகளைக் கணக்கெடுக்கலாம். மருத்துவம் பயில்வோர் சிறையின் நோய்களை ஆராயலாம். மொழி பயில்வோர், கைதி கையொப்பமிடும் தாளிலே எழுதப்பட்டிருப்பது அவன் அறிந்த மொழியிலே உள்ளதா என்று கேட்கலாம். அநுராதபுரத்துக்கு நடந்த கால்கள் ஒரு வாரத்திலே ஓய்ந்திருக்கும். கணக்கெடுக்கும் கைகளுக்கு ஓய்வில்லை.

மணிமேகலையின் கதை சிறை அறக்கோட்டமானதோடு முடிந்துவிடவில்லை. உதயகுமாரன் வெட்டுண்டு இறந்த பின்னர், சிறையைச் சோறிட்டுத் திறந்த அவளே சிறைவைக்கப்பட்டாள். குற்றம் எதுவும் செய்யாதிருந்தும் அக்காவலையும் அதனுள் நேர்ந்த கொடுமைகளையும் அவள் கடந்து வந்தாள். இன்று வெளியே நிற்பவர் நாளை உள்ளே இருக்கலாம் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். குடாநாட்டார் அதனை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அறிந்தனர்.

மாலையிலே வடமராட்சித் தாய் கொழும்பிலிருந்து திரும்பும் பஸ்ஸிலே இருக்கிறாள். தட்டைவடைப் பொதியை உள்ளே அனுமதிக்கவில்லை; அது மடியிலேயே இருக்கிறது. ஆனையிறவைத் தாண்டும்பொழுது பொழுது புலர்கின்றது. பக்கத்து இருக்கையிலே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் மாணவியொருத்தி கண்விழிக்கிறாள். அவளுக்கு இரண்டு வடைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பிள்ளை என்ன படிக்கிறீர்?" என்று கேட்கிறாள் தாய். "சட்டம்" என்கிறாள் மாணவி. அடுத்த தவணைத் திகதி எழுதிய துண்டுக் கடதாசியைத் தாய் பையிலிருந்து எடுக்கிறாள். அது சிங்களத்திலே எழுதப்பட்டிருக்கிறது.